இடுப்பில் ஐந்து வீசை

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் பிறந்து வளர்ந்தவன் நான். எனக்கு நீச்சல் தெரியாது. இதைச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் நம்புவதில்லை. ஸ்ரீரங்கத்துக்காரர்கள் நம்புவார்கள், ஆனால் சிரிப்பார்கள். படித்துறையின் கடைசிப் படியைத் தாண்டாமலே காலம் தள்ளிய நான், தண்ணீருக்கு அடியில் வேலை பார்க்கிற ஒருவனுக்கு ஆலோசகனாக இருந்திருக்கிறேன். ஆலோசனை சொல்ல நீச்சல் எதற்கு? கரையில் நிற்கத் தெரிந்தால் போதும்.

அந்த ஒருவன் என் கல்லூரித் தோழன். மலைக்கோட்டைக்குக் கீழே ஜவுளிக்கடைகளுக்குப் பின்னால் ஒரு சந்தில் அவர்கள் வீடு. அவனுடைய அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, காந்தி மார்க்கெட் பக்கத்தில் வெல்ல மண்டி. ஒரே பிள்ளை. பி.ஏ. முடித்த கையோடு மண்டியில் உட்கார வேண்டியவன், சிங்கப்பூரில் இருக்கும் தாய்மாமாவைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கப்பலேறினான். போனவன் அங்கேயே துறைமுகத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். கப்பலுக்கு அடியில் முங்கிப் போய்ப் பழுது பார்க்கிற வேலை. நானோ அதே பி.ஏ.வை வைத்துக்கொண்டு, வேலை தானாக வந்து கதவைத் தட்டும் என்று வீட்டில் காத்திருந்தேன்.

சில வருஷம் கழித்து அவன் லீவில் வந்தான். சிங்கப்பூரிலிருந்து வருகிறவன் என்றால் ரேடியோ வரும், சென்ட் பாட்டில் வரும், நைலான் சேலை வரும் என்று சந்தே காத்திருந்தது. அவன் பெட்டியிலிருந்து ஒரு இரும்பு சிலிண்டர் வந்தது. முகத்தை மூடும் கண்ணாடி வந்தது. வாயில் வைத்துக்கொள்ளும் ரப்பர் குழாய், தவளைக்கால் மாதிரி இரண்டு ரப்பர் செருப்பு, கறுப்பு ரப்பரில் ஒரு சட்டை, ஒரு கால்சட்டை. நைலான் சேலையும் ஒன்று இருந்தது, இல்லையென்று சொல்லக்கூடாது. சிலிண்டரில் கீறல் விழாமல் இருக்க அதைச் சுற்றிக் கொண்டுவந்திருந்தான். அவன் அம்மா அந்தச் சேலையைப் பிரித்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, மடித்து வைத்துவிட்டார்.

தெருமுனை சோடாக்கடைக்காரர் வந்து சிலிண்டரைத் தட்டிப் பார்த்தார்.

"நம்மகிட்டயும் இதே மாதிரி இருக்கு தம்பி. தீந்துபோச்சுன்னா கொண்டாங்க, கேஸ் அடிச்சுத் தரேன்."

அந்த கேஸை இழுத்தால் மேலே வரவே வேண்டியிருக்காது என்று அவன் விளக்கினான். அவர் தன் சோடாவைக் குறை சொல்கிறான் என்று எடுத்துக்கொண்டு இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் அந்தப் பேச்சில் ஒரு விஷயம் தெளிவானது. சிலிண்டரில் இருப்பது ஒரு தடவைக்கான காற்று. திருச்சியில் அதை நிரப்பித் தர ஆள் கிடையாது. அவனுக்கு ஒரே ஒரு முங்குதான்.

அந்த ஒரு முங்கை எங்கே முங்குவது என்பதை அத்தா முடிவு செய்தார். நானும் அவரை அத்தா என்றுதான் கூப்பிடுவேன். அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மண்டியில் தராசின் முள் நேராக நிற்கும்வரை மூச்சு விடமாட்டார். நின்ற பிறகு ஒரு சின்ன வெல்லத்துண்டை எடுத்துத் தட்டில் போடுவார். "எடையில கொறச்சா அங்க போய் பதில் சொல்லணும்" என்று விரலை மேலே காட்டுவார். மார்க்கெட்டில் இரண்டு பேருக்கு எடையில் தகராறு என்றால் அவர் தராசுக்குத்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள். அப்படிப்பட்டவருக்கு அந்தச் சமயத்தில் ஒரு மனக்குறை. சர்க்கார் வீசையை ஒழித்துவிட்டுக் கிலோவைக் கொண்டு வந்திருந்தது. ஒரு வீசை என்றால் ஒரு கிலோ நானூறு கிராம். அவர் தகப்பனார் காலத்திலிருந்து இருந்த வட்டமான இரும்பு வீசைக் கற்களைக் கடையில் வைத்து நிறுக்கக்கூடாது. முத்திரை குத்திய ஆறுமூலைக் கிலோக்கற்களை வாங்கி வைத்திருந்தார். அவற்றைத் தொடும்போதெல்லாம், வேண்டாத சம்பந்தியைக் கட்டிப்பிடிக்கிற முகம் வரும். பழைய கற்களைத் துடைத்து எண்ணெய் தடவி, தான் உட்காரும் பலகைக்கு அடியில் வைத்திருந்தார்.

பிள்ளையின் தொழிலைப் பற்றி அவருக்கு ஒரே கேள்விதான்.

"முங்கி எந்திரிக்கிறதெல்லாம் ஒரு தொழிலாடா?"

"கப்பல்காரன் சம்பளம் தர்றான்ல அத்தா."

"நம்ம வீட்டுக்கு நான் ஒருத்தன், நீ ஒருத்தன். நான் இங்க வெல்லம் நிறுக்கிறேன். நீ அங்க தண்ணிக்கு அடியில. யாராவது கேட்டா நான் என்னன்னு சொல்லுவேன்?"

இது தினமும் சோற்றுக்கு முன்னால் நடந்தது. ஒருநாள் தொட்டியத்திலிருந்து வெல்லம் அனுப்பும் விவசாயி ஒருவர் மண்டிக்கு வந்தார். கரும்பும் வாழையும் போட்டிருப்பவர். கிணற்றுக்குள் உத்தரம் போட்டு அதன்மேல் புது மோட்டார் பம்பை உட்கார வைத்திருந்தார். உத்தரம் முறிந்து மோட்டார் தண்ணீருக்குள் போய்விட்டது. ஊரில் நீச்சல்காரர்கள் முங்கிப் பார்த்தார்கள். கையில் தட்டுப்படுகிறதாம், உத்தரக்கட்டைக்கு அடியில் சிக்கியிருக்கிறதாம். கட்டையை நகர்த்திக் கயிறு மாட்டுவதற்குள் மூச்சு முடிந்துவிடுகிறதாம். வாழை தார் விட்டு நிற்கிறது, வாய்க்காலில் தண்ணீர் குறைந்துவிட்டது என்று சொல்லிவிட்டு அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அத்தா பிள்ளையைத் திரும்பிப் பார்த்தார்.

"தொழில்னு சொன்னியே. அந்த மோட்டாரை எடுத்துக் காட்டு. எடுத்தா நீ சிங்கப்பூர் போ, நான் வாயத் தொறக்கல. எடுக்கலன்னா இந்தப் பலகையில வந்து உக்காரு. சம்மதமா?"

அவன் யோசிக்கவே இல்லை. "சம்மதம்" என்றான். எனக்குத்தான் இரண்டு மனம். அவன் ஜெயிக்க வேண்டும் என்றும் இருந்தது; அவன் தோற்றால் சாயங்காலம் பேச ஆள் கிடைப்பானே என்றும் இருந்தது. இரண்டு ஆசையும் ஒரே சமயத்தில் இருந்தன. எதையும் விட மனசு வரவில்லை.

இனி எடைக்கு வருகிறேன். தண்ணீருக்குள் போக எடை வேண்டும் என்று அவன் சொன்னபோது நான் சிரித்தேன். நான் இறங்கினால் மூழ்குவது தானாகவே நடக்கும் என்றுதான் இத்தனை வருஷம் நம்பியிருந்தேன். அந்த ரப்பர் சட்டை மிதக்குமாம். அதைப் போட்டுக்கொண்டால் முதுகில் சிலிண்டரே இருந்தாலும் ஆளைக் கீழே போக விடாதாம். அதற்காக ஈயக்கட்டிகள் கோத்த பட்டை ஒன்றை இடுப்பில் கட்டிக்கொள்வார்களாம்.

"அந்தப் பட்டை எங்கடா?"

"கப்பல்ல சாமான் எடை ஜாஸ்தியாச்சு, வச்சுட்டு வந்துட்டேன். நம்ம ஊர்ல கல்லுக்கா பஞ்சம்?"

"அப்ப சட்டையைப் போட்டுக்காமப் போயேன். மிதக்கவும் வேண்டாம், கட்டவும் வேண்டாம்."

கிணற்றடியில் பாறை கிழிக்கும், முறிந்த உத்தரத்தில் ஆணி இருக்கும், ஆழத்தில் குளிரும் என்று அவன் காரணங்களை அடுக்கினான். எல்லாம் சரிதான். ஆனால் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு நாலு பேர் முன்னால் நிற்க அவனுக்கு ஆசை. அது எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும், இரண்டு பேரும் சொல்லிக்கொள்ளவில்லை.

கல்லுக்கு அத்தாவிடம் போனோம். கூழாங்கல்லைக் கட்டிக்கொண்டு போனால் எவ்வளவு கட்டினோம் என்று எப்படித் தெரியும் என்று அவரே கேட்டார். பலகைக்கு அடியிலிருந்து ஒரு வீசைக் கற்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார்.

"இது உங்க பாட்டனார் கல்லு. அப்படியே திரும்பி வரணும். கால்ல கட்டக்கூடாது. எடைக்கல்லு கால்ல படக்கூடாது, தெரியும்ல?"

மார்க்கெட்டில் எடைக்கல்லைத் தாண்டிக்கூடப் போகமாட்டார்கள். தெரியாமல் கால் பட்டால் குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறவர்கள் எல்லா மதத்திலும் இருந்தார்கள். அவன் தலையாட்டினான்.

ஒத்திகை ஸ்ரீரங்கத்தில் நடந்தது. தை முடிகிற சமயம். காவிரி ஒடுங்கி, தண்ணீர் தெளிந்து, மேற்கே ஒரு மடுவில் மட்டும் ஆழமாகத் தேங்கியிருந்தது. சிலிண்டரை முதுகில் மாட்டிக்கொள்வான், ஆனால் திறக்கமாட்டான். மூச்சை அடக்கிக்கொண்டு முங்கி, எடை சரியா என்று மட்டும் பார்ப்பான். வீட்டில் நான் எடுத்துக்கொண்டு கிளம்பிய கயிற்றைப் பார்த்து என் அம்மா, "கல்லைக் கட்டிண்டு தீர்த்தமாடறதை எந்த சாஸ்திரத்துலடா சொல்லியிருக்கு? சித்த பாத்துப் போங்கோ, பெருமாள்தான் காப்பாத்தணும்" என்றாள். நான் முங்கப் போவதில்லை என்றதும் பெருமாளைத் தொந்தரவு செய்வதை நிறுத்திவிட்டாள்.

முதலில் கற்களைப் பையில் போட்டுக் கையில் பிடித்துக்கொண்டு குதித்தான். ஜோராகக் கீழே போனான். ஆனால் கையில் பையை வைத்துக்கொண்டு வேலை எப்படிச் செய்வது? பையை விட்டால் மேலே வந்துவிடுகிறான், விடாவிட்டால் கை இல்லை. அடுத்து, கால்சட்டைப் பையில் போட்டுக்கொள் என்று நான் சொன்னேன். ரப்பர்க் கால்சட்டைக்குப் பை கிடையாது என்பதால் அதன்மேல் என் பழைய காக்கி நிக்கரை மாட்டிக்கொண்டு, இரண்டு பையிலும் இரண்டிரண்டு கல்லைப் போட்டுக்கொண்டு இறங்கினான். சற்று நேரத்தில் அவன் மேலே வந்தான். நிக்கர் வரவில்லை. கல்லோடு அது அடியில் கிடந்தது. மறுபடி மூன்று தடவை முங்கி எடுத்தான். அதற்குள் படித்துறையில் துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்களுக்கு அன்றைய பொழுது போய்விட்டது.

கல்லை முதுகில் சிலிண்டரோடு சேர்த்துக் கட்டிப் பார்த்தோம். ஆமையைப் புரட்டிப் போட்ட மாதிரி மல்லாந்துவிட்டான். அதுவும் என் யோசனைதான். பிறகு கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொள்ளலாமே என்றேன். தலை கீழேயும் இரண்டு தவளைக்கால்கள் மேலேயுமாகத் தண்ணீரில் அவன் நின்ற காட்சியைப் பார்த்து, ஜபம் செய்துகொண்டிருந்த ஒரு பெரியவர் செம்பைத் தவறவிட்டார். வெளியே வந்த நண்பன் மூக்கிலிருந்து தண்ணீரைச் சிந்திவிட்டு என்னைப் பார்த்தான்.

"இனிமே நீ யோசனை சொல்லாத. கயித்த மட்டும் புடி."

எனக்குக் கோபம் வந்தது. கால் கூடாது, கை கூடாது, முதுகும் கழுத்தும் ஆகவில்லை. மிச்சம் இருப்பது இடுப்பு. இதைக் கண்டுபிடிக்க அவனுக்கு என்னுடைய தவறுகள் எல்லாம் தேவைப்பட்டன என்பதை அவன் ஒப்புக்கொள்ளவே இல்லை.

இடுப்பில் சாக்குப் பட்டையைக் கட்டி, கற்களை முன்னாலும் பக்கவாட்டிலும் பிரித்து வைத்ததும் எல்லாம் மாறிவிட்டது. நாலு கல்லில் கொஞ்சம் மேலே வந்தான். ஆறு கல்லில் மணலில் போய் உட்கார்ந்தான். ஐந்து கல்லில் மேலேயும் வரவில்லை, கீழேயும் போகவில்லை. நடுத்தண்ணீரில் அப்படியே நின்றான். தெளிந்த தண்ணீரில் மேலிருந்தே தெரிந்தது. கையை லேசாக அசைத்துத் திரும்பினான், குனிந்தான், நிமிர்ந்தான். நான் அவனை அப்படிப் பார்த்ததே இல்லை. மண்டியில் உட்கார்ந்தால் அரை நிமிஷத்தில் காலை மாற்றிப் போடுகிறவன் அவன்.

அன்று அத்தாவும் குடையைப் பிடித்துக்கொண்டு வந்து கரையில் நின்றார். பிள்ளை தண்ணீருக்குள் நிற்பதைப் பார்த்தார். தராசு முள்ளைப் பார்ப்பது போலவே மூச்சு விடாமல் பார்த்தார். நான், "பாத்தீங்களா அத்தா, அஞ்சு வீசை சரியா இருக்கு" என்றேன். அவர் குடையை மடக்கிக்கொண்டு வெயிலிலேயே நடந்து போனார்.

பட்டையில் ஒரு சண்டை பாக்கி இருந்தது. சுண்டி இழுத்தால் மொத்தமாக அவிழ்ந்து விழுகிற மாதிரி இருக்க வேண்டும் என்று நண்பன் ஒற்றைக் காலில் நின்றான். காற்று தீர்ந்தால், ஏதாவது சிக்கினால், கல்லை உதறிவிட்டு மேலே வந்துவிட வேண்டும்; அதுதான் இந்தத் தொழிலில் முதல் பாடமாம். அத்தாவுக்கு முகம் சிவந்துவிட்டது.

"பாட்டனார் கல்லை உதறிட்டு வர்றதுக்கு ஒரு முடிச்சா? அதெல்லாம் வேணாம். நானே சாக்குல வச்சுத் தச்சுத் தரேன். விழாது."

கோணி ஊசியும் சணலும் எடுத்து அவரே தைத்தார். ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு அறை, வாயை மூடி இரட்டைத் தையல். காலையில் தொட்டியத்துக்குக் கிளம்பும்போது பட்டை தயாராக இருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தது நான்தான். எனக்கு எதைத் தூக்கினாலும் கனம்தான் என்பதால் வித்தியாசமாக ஒன்றும் தோன்றவில்லை.

முசிறி வழியாகத் தொட்டியம் போகிற பஸ். கண்டக்டர் சிலிண்டருக்கு லக்கேஜ் டிக்கெட் கிழித்தார். வெடிக்குமா என்று கேட்டார். வெடிக்காது என்றதும் அதற்குப் பக்கத்து சீட்டை விட்டு எழுந்துபோய் முன்னால் நின்றுகொண்டார். அத்தா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு மஞ்சள் பை. கனமாக இருப்பது பையின் காது இழுபட்டதிலேயே தெரிந்தது.

"குடுங்க அத்தா, நான் கீழ வச்சிக்கிறேன்."

"இருக்கட்டும் தம்பி. சாப்பாட்டு சாமான்."

இவ்வளவு சாப்பாடா என்று எனக்கு உள்ளூரச் சந்தோஷம். வழியெல்லாம் காவிரி கூடவே வந்தது. அத்தா அந்தப் பக்கமே திரும்பவில்லை. பையின் மேல் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

கிணற்றைச் சுற்றி ஊரே நின்றது. பெரிய சதுரக் கிணறு, ஒரு பக்கம் இறங்கப் படி. தண்ணீர் பச்சையாக, அசையாமல் கிடந்தது. வாழைத்தோட்டம் பக்கத்திலேயே இலை ஓரம் காய்ந்து நின்றது. நண்பன் ரப்பர் சட்டையைப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் தேவையில்லாமல் நின்றான். பிறகு படியில் இறங்கினான். அத்தாவே பட்டையை இடுப்பில் இறுக்கிக் கட்டிவிட்டார். சிலிண்டரைத் திறந்து, குழாயை வாயில் கவ்வி, கண்ணாடியைச் சரிசெய்து, தண்ணீரில் சாய்ந்தான்.

மிதந்தான்.

தலையை அமுக்கினான். முதுகு மேலே வந்தது. காலை உதைத்தான். கொஞ்சம் உள்ளே போய், விட்டதும் மேலே வந்தான். மறுபடி உதைத்தான். அவன் வாயிலிருந்து குமிழி குமிழியாகப் போய்க்கொண்டிருந்தது. இருப்பதே ஒரு சிலிண்டர் காற்று. மேலே யாரோ சிரிக்க ஆரம்பித்தார்கள், எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். சிங்கப்பூர் தவளைக்கு முங்கத் தெரியலையே என்று ஒரு அம்மாள் சொன்னார். தோட்டக்காரரான அந்த விவசாயி மட்டும் சிரிக்கவில்லை. "வேணும்னா அம்மிக்கல்லு எடுத்தாரட்டுங்களா?" என்று கையைப் பிசைந்தார்.

நண்பன் படியைப் பிடித்து ஏறி, சிலிண்டரை மூடினான். முகக்கண்ணாடியைக் கழற்றினான். எனக்கு ஒன்றுமே புரியவில்லை. காவிரியில் நின்றவன் இங்கே ஏன் மிதக்கிறான்? அவன் என்னைப் பார்க்கவில்லை, அத்தாவைப் பார்த்தான்.

"என் கணக்குதான் அத்தா தப்பு. எங்கயோ தப்பு பண்ணிட்டேன். சொன்ன சொல்லு சொன்னதுதான். நான் கடைக்கே வந்துடறேன்."

அவன் அதை அவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டான். சாயங்காலம் பேச ஆள் கிடைத்துவிட்டான். எனக்கு அது வேண்டாம் என்று அந்த நிமிஷத்தில் தெரிந்தது.

அத்தா நின்ற இடத்திலேயே நின்றார். சுற்றிலும் சிரிப்பு அடங்கியிருந்தது. அவர் கேட்டது அவருக்குக் கிடைத்துவிட்டது. வாயைத் திறக்காமல் எல்லாரையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறியிருக்கலாம். அவர் படியில் இறங்கினார். வேட்டி நனைந்தது. இடுப்பிலிருந்து சாக்கு அறுக்கிற சூரிக்கத்தியை எடுத்தார்.

"உன் கணக்கு தப்பில்ல. எடை கொறச்சல்."

பட்டையின் தையலை ஒவ்வொன்றாக அறுத்தார். உள்ளேயிருந்து ஆறுமூலைக் கல் ஒன்று படியில் விழுந்தது. பிறகு இன்னொன்று. முத்திரை குத்திய புத்தம்புதுக் கிலோக்கற்கள். ஐந்து வீசைக்குப் பதில் ஐந்து கிலோ. கால் பங்குக்கு மேல் குறைச்சல். நண்பன் கல்லைப் பார்த்தான், அத்தாவைப் பார்த்தான்.

"நான்தான் மாத்தித் தச்சேன். இந்த வயசுக்கு ஒருத்தருக்கும் எடை கொறச்சுக் குடுத்ததில்ல. உனக்குத்தான் குடுத்தேன்" என்றார் அத்தா. அவர் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. "ஆத்துல நீ நின்னதைப் பாத்தேன். நீ எடுத்துடுவேன்னு தெரிஞ்சுபோச்சு. அதான்."

பிறகு என் பக்கம் திரும்பினார். "தம்பி, அந்தப் பையை எடுங்க."

மஞ்சள் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். உள்ளே ஐந்து வீசைக் கற்களும் இருந்தன. எண்ணெய் தடவித் துடைத்த பாட்டனார் கல். திருச்சியிலிருந்து தொட்டியம் வரை அதை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருக்கிறார். குறைத்துத் தைத்ததும் அவர்தான், சரியான எடையைத் தூக்கி வந்ததும் அவர்தான். அன்று காலை கிணற்றடிக்கு வந்து சேரும்வரை எதை எடுப்பது என்று அவருக்கே தெரிந்திருக்காது.

பட்டையில் கற்களை வைத்தார். இந்தத் தடவை தைக்கவில்லை. மண்டியில் வெல்ல மூட்டையைத் தூக்கிக் கட்டும்போது போடுவார்களே, முனையை ஒரு இழு இழுத்தால் மூட்டையே கழன்று விழும் சுருக்கு, அதைப் போட்டார். முனையைப் பிள்ளையின் கையில் கொடுத்தார்.

"மூச்சு முட்டுச்சுன்னா இதை இழு. கல்லு போனாப் போகுது. நீ மேல வா."

நண்பன் சிலிண்டரைத் திறந்து, கண்ணாடியை மாட்டி, மோட்டாரில் கட்ட வேண்டிய கயிற்றின் முனையைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தான். தண்ணீர் அவனை அப்படியே வாங்கிக்கொண்டது.

கொஞ்ச நேரம் குமிழிகள் மட்டும் வந்துகொண்டிருந்தன. அத்தா அந்தக் குமிழிகளைப் பார்த்துக்கொண்டே நின்றார். முழங்கால்வரை தண்ணீரில் நிற்கிறார் என்பதே அவருக்கு நினைவில்லை. கயிறு ஆடியது. முறிந்த உத்தரத்தின் ஒரு துண்டு மேலே வந்து மிதந்தது. பிறகு கயிறு மூன்று தடவை இழுபட்டது. தோட்டக்காரரும் ஆட்களும் கயிற்றைப் பிடித்து இழுக்க, நானும் பின்னால் ஒரு கை போட்டேன். மோட்டார் சேறு சொட்டச் சொட்ட மேலே வந்தது. குமிழிகள் நின்றுபோயிருந்தன.

நான் கயிற்றை விட்டுவிட்டுத் தண்ணீரை எட்டிப் பார்த்தேன். அத்தா இன்னொரு படி இறங்கினார். அதற்குள் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு அவன் வந்துவிட்டான். வாயைத் திறந்து காற்றை வாங்கினான். இடுப்பில் பட்டை இல்லை. மோட்டாரைச் சேற்றிலிருந்து கிளப்பி விடவும் காற்று முடியவும் சரியாக இருந்ததாம். சுருக்கை இழுத்துவிட்டு மேலே வந்திருக்கிறான்.

"அத்தா, கல்லு..." என்றான், பேச முடிந்ததும்.

அத்தா அவன் இடுப்பைப் பார்க்கவே இல்லை. துண்டை எடுத்து அவன் தலையைத் துவட்ட ஆரம்பித்தார். அவ்வளவு பேர் முன்னால், முளைத்த மீசையோடு இருக்கிறவனை, குளிப்பாட்டிய குழந்தையைப் போல் அழுத்தித் துவட்டினார். "கிடக்கட்டும். அடுத்த லீவுல வந்து நீயே எடுத்துக் குடு" என்றார்.

அவன் சிங்கப்பூர் போனான். சொன்னபடி அத்தா வாயைத் திறக்கவில்லை. மண்டிக்குப் போனால் கிலோக்கல்லை வைத்து நிறுத்துக்கொண்டிருப்பார். யாராவது பிள்ளையைப் பற்றிக் கேட்டால், "கப்பல் வேலை. நம்ம கல்லு தொட்டியத்துல கிடக்கு, அதை எடுக்க வருவான்" என்பார்.

அந்தக் கோடையில் வெயில் கடுமையாக இருந்தது. தொட்டியத்துக் கிணறு அடிவரைக்கும் வற்றிவிட்டது. தோட்டக்காரர் வெல்ல வண்டியோடு மண்டிக்கு வந்து, ஒரு சாக்குப் பையை அத்தாவின் முன்னால் வைத்தார். நானும் அப்போது இருந்தேன். ஐந்து கல்லும், கொஞ்சம் துருவோடு. தோட்டக்காரருக்கு ஒரே பெருமை. அத்தாவின் முகத்தில் சந்தோஷமே இல்லை. தோட்டக்காரர் போனதும் கற்களைப் பலகைக்கு அடியில் தள்ளி, அதன்மேல் சாக்கைப் போட்டு மூடினார்.

"இதை அவனுக்குச் சொல்லிடாதீங்க தம்பி" என்றார்.

நான் சொல்லவில்லை. அடுத்த லீவில் நண்பன் சிலிண்டர் இல்லாமல், மூன்று நைலான் சேலையோடு வந்தான். நேரே மண்டிக்கு வந்து, நின்றபடியே, கல்லை எடுக்கத் தொட்டியம் போகலாமா என்று கேட்டான். அத்தா தராசிலிருந்து கண்ணை எடுக்காமல், "கிணத்துல இப்ப தண்ணி ஜாஸ்தி. அடுத்த தடவ பாக்கலாம்" என்றார். நான் கூரையைப் பார்த்தேன். நண்பன் பலகைக்கு அடியில் பார்த்தான். சாக்கு ஒரு பக்கம் விலகி, வட்டமான இரும்பு ஒன்று தெரிந்தது. காலைக் கொஞ்சம் நகர்த்தி, அதைத் தொடாமல், அத்தாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான்.

"சரி அத்தா. அடுத்த தடவ வந்து எடுக்கறேன்" என்றான்.